ஒன்பது பாட்டில்கள்

1978இல், இருபத்திரண்டாவது வயதில், கவிதையில் அலங்காரத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினேன். முந்நூறு பேரைத் தாண்டாத பத்திரிகை. அதில் பாதிப்பேர் சந்தா கட்டாதவர்கள். கட்டுரை இப்போது என்னிடம் இல்லை, தேடவும் இல்லை. ஆனால் அதிலிருந்த ஒரு வாக்கியம் மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. அடுக்களைப் பாட்டிலில் பூப்போட்டு வைப்பதுபோல் நம் கவிஞர்கள் காலியான வரிகளுக்கு உவமை போட்டு வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். இந்த வாக்கியத்துக்காக இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் பாராட்டு. ஒருவர், இனி எந்தக் கவிதையைப் படித்தாலும் பாட்டில்தான் நினைவுக்கு வரும் என்று எழுதியிருந்தார்.

பாட்டில் கற்பனை இல்லை. எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்ததுதான். பூப்போட்டவள் என் அக்கா. அந்த வாக்கியத்தைப் பற்றி இன்று எழுதியாக வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவிலுக்குப் பக்கம். அப்போது திருநெல்வேலி மாவட்டம். 2019இலிருந்து தென்காசி மாவட்டம். ஊரைச் சுற்றிக் காடு. காடு என்றால் எங்கள் பக்கத்தில் மரமடர்ந்த காடு இல்லை, மானாவாரி நிலம். அடுக்களைச் சுவரில் இரண்டு பலகைத் தட்டுகள். தட்டுகளில் ஒன்பது ஆர்லிக்ஸ் பாட்டில்கள். உப்பும் புளியும் மண்பானையில் இருந்தன. அரிசி குலுக்கையில். மற்றதெல்லாம் பாட்டிலில்.

ஆர்லிக்ஸ் பாட்டிலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜேம்ஸ், வில்லியம் என்ற ஹார்லிக் சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய் 1873இல் தொடங்கிய கம்பெனி. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமான உணவாகத்தான் அதைச் செய்தார்கள். இந்தியாவில் பஞ்சாபின் நாபா ஊரில் 1960வாக்கில் தொழிற்சாலை வந்தது. இத்தனை தூரத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்தபோதும் நோயாளியின் வஸ்துவாகவேதான் நுழைந்தது. தினசரி ஆர்லிக்ஸ் குடிக்கிற வசதி எங்களுக்குக் கிடையாது. யாராவது படுத்தால், பார்க்க வருகிறவர்கள் ஒரு பாட்டிலும் நாலு சாத்துக்குடியும் கொண்டுவருவார்கள். நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கும்போது பாட்டில் காலியாகியிருக்கும். எழுந்து நடமாடாமல் போனாலும் பாட்டில் காலியாகத்தான் செய்யும்; வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறோமே.

ஆகவே எங்கள் வீட்டில் ஒன்பது பாட்டில் என்றால் ஒன்பது நோய் என்று அர்த்தம். எனக்கு வந்த டைபாய்டு ஒன்று. ஐயாவுக்கு வந்த மஞ்சள் காமாலை ஒன்று. பாட்டி இறந்த வருஷத்தில் மட்டும் மூன்று. தட்டில் வரிசையாக நின்ற கண்ணாடிகளை அம்மா அப்படித்தான் முதலில் அறிந்து வைத்திருந்தாள். 'பாட்டி பாட்டில்', 'காமாலை பாட்டில்' என்றே சொல்லுவாள். அந்தப் பெயர்களோடு பருப்பை எடுத்துச் சமைப்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவள் பெயிண்ட் அடிக்கத் தொடங்கியதற்கு ஒருவேளை இது காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். காரணம் கண்டுபிடிக்கிற வியாதி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

பெயிண்டுக்கென்று அவள் காசு செலவழித்ததில்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூச ஐயா சங்கரன்கோவிலிலிருந்து எனாமல் பெயிண்ட் வாங்கி வருவார். சிவப்பு, நீலம், பச்சை, சின்னச் சின்ன டப்பாக்களில். இரண்டு மாடு, நாலு கொம்பு. மிச்சமானது அக்காவுக்கு. பாட்டிலை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளை நகத்தால் உரித்தெடுப்பாள். பசையை அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது, பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும் என்பதை முதல் பாட்டிலிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். அதனால் தலைக்கு எண்ணெய் தேய்க்காத நாளாகப் பார்த்து உட்காருவாள். பிரஷ் கிடையாது. ஈர்க்குச்சி நுனியைப் பல்லால் கடித்து நார் நாராக்கினால் கோடு இழுக்கலாம். தீக்குச்சியின் முனை புள்ளி வைக்க. அகலமான இதழுக்கு விரல். இறுகிப்போன பெயிண்டில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய்.

பாட்டில் உருண்டை. உட்கார்ந்து போட்ட இதழ், திருப்பினால் மறைந்துவிடும். போட்ட பக்கம் காயாமல் மறுபக்கத்தைத் தொட முடியாது, தொட்டால் அப்பிக்கொள்ளும். ஒரு பூவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வேண்டும். அதனால் ஒரு பாட்டில் முடிய ஒரு வாரம்கூட ஆகும். ஆடியில் அவள் போடவே மாட்டாள். மேற்கேயிருந்து அடிக்கிற காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டின் மேல் தூவிவிடும். ஒரு தடவை பொறுக்காமல் ஆடியில் போட்டாள். உளுந்துப் பாட்டிலின் நீலக்கொடி முழுக்க மண் பொடி. தடவிப் பார்த்தால் இன்றும் உப்புத்தாள் மாதிரி இருக்கும்.

என்ன போட்டாள்? துவரம்பருப்புக்கு ஐந்து இதழ்ச் சிவப்புப் பூ. உளுந்துக்கு நீலக்கொடி. கடுகுக்குப் பச்சைப் புள்ளிகள், கோலத்தில் வைக்கிற மாதிரி நேர்ப்புள்ளி. மிளகுக்கு ஒரு கிளி; அது கிளி என்று அவள் சொல்லித்தான் தெரியும். கொடிகளைக் காலண்டரிலிருந்து எடுத்தாள். எங்கள் பக்கத்துச் சுவர்களில் தொங்கிய சிவகாசிக் காலண்டர்களில் சாமி படங்கள் பலவும் கோவில்பட்டியில் உருவானவை. சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதியவை. அவர் 1976இல் இறந்தார். நாற்பது மைல் சுற்றளவுக்குள் இருந்த அந்த மனிதரின் பெயரை அன்றைக்கு நாங்கள் யாரும் சொன்னதில்லை. 'காலண்டர் ஓவியம்' என்பது எங்கள் பேச்சில் ஒரு வசைச்சொல். அக்காவுக்கு இந்தச் சர்ச்சை எதுவும் தெரியாது. சாமியை விட்டுவிட்டு, சாமியின் பின்னால் ஓரத்தில் ஓடிய கொடியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கண்ணாடி ஓவியத்தில் ஒரு தலைகீழ் முறை உண்டு. கண்ணாடியின் பின்புறத்தில் எழுதுவார்கள். நகை, கண், புருவம் என்று கடைசியில் வர வேண்டியவற்றை முதலில் எழுதி, பின்னணியைக் கடைசியில் பூசி மூடுவார்கள். முன்பக்கமிருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக நிற்கும். அக்காவின் பாட்டில்களில் இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்தது அம்மா. பின்னணி, பருப்பு. மாதத் தொடக்கத்தில் சிவப்புப் பூ மஞ்சளின் மேல் நிற்கும். நாளாக ஆக மஞ்சள் இறங்கும். இருபதாம் தேதிக்கு மேல் பூவின் பாதி வெறும் கண்ணாடியில் தொங்கும். 'பருப்பு கீழ் இதழுக்கு வந்துட்டு' என்று அம்மா ஐயாவிடம் சொல்லுவாள். ஐயா பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவார். எவ்வளவு கடன் கேட்க வேண்டும் என்பது அவருக்கு இதழ்க்கணக்கில் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

*

இருபத்திரண்டு வயதில் நான் திருநெல்வேலியில் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிட, படிக்கிறவர்களோடு சுற்றிக்கொண்டிருந்தேன். அலங்காரம் குற்றம் என்று வியன்னாவில் 1910இல் ஒரு கட்டடக்காரர் சொற்பொழிவு செய்தார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அடோல்ஃப் லூஸ். உடலில் பச்சை குத்திக்கொள்வதையும் கட்டடத்தில் பூவேலை செய்வதையும் ஒரே தட்டில் வைத்தவர். அந்தப் பேச்சை நான் படித்ததில்லை. தலைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. தண்டியலங்காரத்தையும் அதன் வாரிசுகளாக நாங்கள் கருதிய மேடைக் கவிஞர்களையும் அடிக்க ஒரு கம்பு தேவைப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து ஒன்று கிடைத்தது.

இதற்கு மறுபக்கமும் இருந்தது. அதே நாட்களில் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். நானும் பேசினேன். ஜாதகக் கட்டம் போல, கணக்குப் போல, எழுத்துப் போலத் தோன்றி, எந்த மொழியாகவும் இல்லாத கிறுக்கல்கள். வாசிக்க முடியாத எழுத்து என்பதே அதன் மேன்மை என்று நான் வாதித்தேன். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலக் கிராமத்தில் ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் ஓவியம் எழுதப் பணம் தேடினார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதை ஏதோ ஒரு தியாகம் போலப் பேசினோம். கலைஞன் வயிற்றுக்காகக் கைவினைக்கு இறங்கினான் என்று. இறங்கினான் என்ற சொல் எங்களுக்கு உறுத்தவில்லை.

இந்த ஞானத்தோடு 1978 கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன்.

அடுக்களையில் எட்டுப் பாட்டிலில் படம் இருந்தது. ஒன்றில் இல்லை. சீனிப் பாட்டில். அது கடைசியாக வந்தது, பெயிண்ட் தீர்ந்துபோயிருந்தது. 'சீனிக்கு எதுக்கு அடையாளம், எறும்பே சொல்லிரும்' என்று அக்கா விட்டுவிட்டாள். படம் போட்டதில் எட்டாவது, மேல்தட்டின் மூலையில் இருந்த சலவைச்சோடாப் பாட்டில். அதில் ஒரு பாம்பு. கறுப்புப் பெயிண்ட் கிடையாது. பச்சையும் சிவப்பும் கலந்து வந்த ஒரு மண் நிறம். மூன்று சுற்றுச் சுற்றி, படம் எடுத்து நிற்கும். சங்கரன்கோவிலில் பாம்பு உருவம் பொறித்த வெள்ளித் தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவின் பாம்பு அந்தத் தகட்டுப் பாம்பின் சாயலில் இருந்தது. எட்டிலும் கோரமானது அதுதான் என்று எனக்குப் பட்டது. தலை பெரிதாக, வால் இடமில்லாமல் மூடிக்குள் புகுவதுபோல முடிந்திருந்தது.

மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோடாவைத் தாளில் கொட்டிவிட்டு, மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினேன். எனாமல் சுருள் சுருளாக வந்தது. ஒரு மணி நேரத்தில் கண்ணாடி கண்ணாடியாயிற்று. கழுவித் துடைத்து, சோடாவைத் திரும்பப் போட்டு, வெறும் பாட்டில் இரண்டையும் கீழ்த்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சீனியும் சோடாவும். வெள்ளைக்கு வெள்ளை, கண்ணாடிக்குக் கண்ணாடி. தட்டின் அந்தப் பகுதி மட்டும் எனக்கு நவீனமாகத் தோன்றியது. அக்கா எழுந்து வந்ததும் காட்டினேன். 'இப்ப பாரு, எப்படி இருக்கு.' அவள் பார்த்தாள். 'ம்' என்றாள். கீழே கிடந்த பெயிண்டுச் சுருள்களை விளக்குமாற்றால் ஒதுக்கினாள்.

மறுநாள் விடியுமுன் கரண்ட் இல்லை. அம்மா சிம்னி விளக்கில் ஐயாவுக்குக் காப்பி போட்டாள். ஐயா காட்டுக்குப் புறப்படுகிற அவசரத்தில் ஒரு மடக்கு வாயில் ஊற்றி அப்படியே முற்றத்தில் துப்பினார். பிறகு தம்ளரை எறிந்தார். அது அம்மாவின் தோளில் பட்டுச் சுவரில் மோதியது. கண்ணு பொட்டையா என்று கேட்டார். இன்னும் சிலது கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாட்டிலையும் விளக்கருகே கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அக்காவும் என்னைப் பார்த்தாள். இருவரில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐயாவின் கோபம் என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று சாயங்காலப் பஸ்ஸில் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டேன். விடுமுறை இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கியிருந்தது.

திருநெல்வேலியில் அந்தப் பன்னிரண்டு நாட்களில்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன்.

நண்பர்கள் இதில் குற்ற உணர்வின் மனோதத்துவத்தைக் காணலாம். அவமானத்தைக் கொள்கையாக மாற்றுவது என்று ஒரு சூத்திரம் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. எழுதும்போது எனக்கு அம்மாவின் தோள் நினைவில் இல்லவே இல்லை. உற்சாகமாக எழுதினேன். வாக்கியம் நன்றாக வந்ததில் சந்தோஷமாக இருந்தது. பயமுறுத்துவது இதுதான்.

*

ஆனந்த குமாரசாமி 1939இல் அலங்காரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். அலங்காரம் என்பது மேலே ஒட்டவைத்த உபரி என்ற அர்த்தம் பிற்காலத்தில் ஏற்பட்ட சரிவு என்கிறார். 'அலம்' என்றால் போதும் என்று பொருள். ஆகவே அலங்கரிப்பது என்றால், ஒன்றைப் போதுமானதாக ஆக்குவது. அதன் வேலையைச் செய்ய அதற்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்து முடிப்பது. கொழும்பில் பிறந்த தமிழரின் மகன் சொன்ன விஷயத்துக்கு முன்னால் நான் வியன்னாக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

படித்தபோது எனக்குப் பாம்புப் பாட்டில் நினைவு வந்தது. பாம்பு இருந்தவரை அது சோடாப் பாட்டில். பாம்பைச் சுரண்டிய பிறகு அது ஒரு பாட்டில், அவ்வளவுதான். நான் வேண்டாததைக் களைந்து வடிவத்தைக் காப்பாற்றவில்லை. ஒரு எழுத்தை அழித்திருக்கிறேன். அம்மாவால் வாசிக்க முடிந்த ஒரே எழுத்து. பின்னாட்களில் அவளுக்குப் புரை விழுந்தபோது அவள் பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். எனாமல் தடித்து நிற்கும். இதழ் இதழாகத் தெரியும். மண் ஒட்டியது உளுந்து, ஐந்து மேடு துவரை, நேர்ப்புள்ளி கடுகு. பிரெயில் என்ற பெயரை அவள் கேட்டதில்லை. பணிக்கரின் வாசிக்க முடியாத எழுத்தை வியந்த எனக்கு, என் வீட்டில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்த எழுத்து எழுத்தாகவே தெரியவில்லை. இப்படியெல்லாம் எழுதி ஒரு கட்டுரையாக்கி, பழைய கட்டுரைக்குப் பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா 2001இல் போனாள். ஐயா அதற்கு முன்பே. போன வருஷம் ஊர் வீட்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவாகி, சாமான் ஒதுக்க நானும் அக்காவும் போயிருந்தோம். அவளுக்கு எழுபதுக்கு மேல். கல்யாணமாகி 1979இல் கடையநல்லூர் போனவள். அடுக்களைத் தட்டில் பாட்டில் ஆறு மிச்சமிருந்தது. காலியாக, உள்ளே சிலந்தி வலையோடு. பூக்கள் அங்கங்கே பொரிந்திருந்தன.

என் கண்டுபிடிப்பை அவளிடம் சொன்னேன். நீ அம்மாவுக்கு எழுத்துக்குப் பதிலாகத்தான் இதையெல்லாம் போட்டிருக்கிறாய், இல்லையா என்று கேட்டேன்.

'அப்படியெல்லாம் இல்ல தம்பி. வெறும் பாட்டிலு பாக்க நல்லாவா இருக்கும்? அழகாருக்கட்டும்னு போட்டேன். அம்மாவா அதை வச்சு அடையாளம் பாத்துக்கிட்டா.'

'பாம்பு? அதைத் தொடக்கூடாதுன்னுதானே போட்டே?'

'பாம்பு போட வருதான்னு போட்டுப் பாத்தேன். கொடி மாதிரிதானே, வளைச்சா வந்துருது. தலைதான் வரல.'

சிரித்தாள். என்னிடம் குமாரசாமியும் இருந்தார், பிரெயிலும் இருந்தது. பேச ஒன்றுமில்லை. பயன் இருந்ததால் அந்தப் பூக்களை மன்னிக்க நான் வந்திருக்கிறேன் என்பதும், பயன் இல்லாவிட்டால் இன்றும் மன்னித்திருக்க மாட்டேன் என்பதும் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அழகாக இருக்கட்டும் என்ற இரண்டு சொற்களை, ஐம்பது வருஷமாக விமர்சனம் எழுதுகிற எனக்கு, ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

பாட்டில்களை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

'நீ எழுதினதைப் படிச்சேன். அப்பவே.'

'எதை?'

'பொஸ்தகம் தபால்ல வீட்டுக்கு வந்துச்சுல்லா. நீ பாட்டில்ல பூப்போடுறதைப் பத்தி எழுதியிருந்தே.'

பத்திரிகைக்கு நான் ஊர் விலாசத்தைக் கொடுத்திருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. பிரதி வரவில்லையென்று ஆசிரியருக்குக் கோபமாக ஒரு கார்டு போட்டதும் நினைவு வந்தது.

'அதுக்கப்புறம்தான் நீ பாட்டில்ல எதுவும் போடலையா?' என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். 'அந்தப் பொங்கலுக்குப் பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு' என்றாள். சற்றுப் பொறுத்து, 'கல்யாண வேலையும் இருந்துச்சு' என்றாள். எந்த வாக்கியத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வது என்று அவள் சொல்லவில்லை.

ஆறு பாட்டிலில் பூப்போட்டவை ஐந்து. ஆறாவது, நான் சுரண்டியது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு கீறிய கோடுகள் தெரிகின்றன. நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், பாம்பு இருந்த இடத்தில் மட்டும், பாம்பின் வளைவிலேயே. அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். 'அதுல என்னத்தைப் போடப்போறே' என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். 'அப்ப எனக்குக் குடு. பேரன் ரெண்டு பேரு இருக்கானுக, மிட்டாய் போட ஆகும்' என்று வாங்கி, மற்ற ஐந்தோடு வேட்டியில் வைத்துச் சுற்றினாள்.

பஸ்ஸில் மூட்டையை மடியிலேயே வைத்திருந்தாள். மேடுபள்ளத்தில் பஸ் குதித்தபோதெல்லாம் உள்ளே கண்ணாடி கண்ணாடியோடு உரசியது. நான் வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டேன். தரவில்லை.